ஊட்டி பிலிமும் ஸ்டுடியோக்காரர் பெட்டியும்

மஞ்சள் வெட்டி முடிஞ்சு காட்டுல இப்போ வேலை குறைவு. அதனால இந்தத் தடவை விவசாயம் இல்லாத ஒரு பதிவு.

எங்க ஊர்ச் சந்தைப்பேட்டையில ஒரு போட்டோ ஸ்டுடியோ இருந்தது. சுத்துப்பட்டு பத்து ஊருக்கும் அது ஒண்ணுதான். அந்த அண்ணன் முதல்ல வெச்சிருந்தது பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் 3. வெயிலுக்கு ஒண்ணு, மேகமூட்டத்துக்கு ஒண்ணு, அவ்வளவுதான் அதுல மாத்த முடியும். பின்பக்கம் சின்னச் சிவப்பு ஜன்னல்ல நம்பர் பார்த்துப் பார்த்துச் சுத்தணும். பிறகு யாஷிகா மேட் வாங்கினார். ரெண்டு கண்ணு இருக்கும். மேல உள்ள கண்ணுல நாம பார்க்கிறது, கீழ உள்ளதுல படம் பிடிக்கிறது. குனிஞ்சு பார்த்தா இடது வலதா தெரியும். அதுல 80 மி.மீ. லென்ஸ். அந்தப் பெரிய பிலிமுக்கு அது கண்ணால பார்க்கிற மாதிரியே காட்டும், மூஞ்சி உப்பாது, கோணாது.

ரெண்டுக்கும் ஒரே 120 பிலிம்தான். ஒரு ரோலுக்கு 12 படம். அதனால கை நடுங்காம, யோசிச்சுத்தான் அமுக்குவார். பிலிம் நம்ம ஊட்டியில செஞ்சது. மத்திய அரசு 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், பிரான்ஸ் நாட்டுத் தொழில்நுட்பத்தோட 1967-ல் உற்பத்திக்கு வந்தது. 'இந்து'ன்னு பேரு. ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிலிமும் அங்கதான். அந்த ஆலையை வெச்சே இந்து நகர்னு ஒரு ஊரே ஆச்சு. நாடு பூரா போன சரக்கு. கலர் வந்ததும், வெளிநாட்டுச் சரக்கு தாராளமா வந்ததும் தாக்குப்பிடிக்க முடியல. டிஜிட்டல் வர்றதுக்கு முன்னாடியே அது படுத்துட்டதுன்னுதான் நான் சொல்லுவேன். இப்போ மூடியாச்சு.

போன வருஷம் ஸ்டுடியோ கட்டடத்தை இடிக்கும்போது அண்ணனோட மகன் நாலு தகரப் பெட்டியைக் குப்பைக்குப் போட இருந்தார். நெகட்டிவ் எல்லாம் கவர்ல, தேதியோட. நான் கேட்டு வாங்கி வந்தேன். காரணம் இருக்கு. எங்கப்பா படம்னு வீட்டுல இருந்தது ஒண்ணே ஒண்ணு, ஜோடிக் காளையோட நின்னது. அதைக் கரையான் அரிச்சிருச்சு.

ஒரு பெட்டியைத் திறந்ததும் காடி வாசம். அசிட்டேட் பிலிம் கெட ஆரம்பிச்சா அப்படித்தான் வாடை வரும். பிறகு சுருங்கி, நெளிஞ்சு போயிரும். ஒண்ணு கெட்டா பக்கத்துல இருக்கிறதையும் கெடுக்கும், அழுகின தக்காளி மாதிரி. அதைத் தனியா எடுத்து வெச்சேன்.

மூணாவது பெட்டியில அப்பா கவர் கிடைச்சது. 1974. ஜெராக்ஸ் கடையில கொடுத்தா கருப்பா ஒரு கட்டம் வந்தது. சாதாரண ஸ்கேனர் மேல பட்டுத் திரும்புற வெளிச்சத்தைத்தான் படிக்கும். நெகட்டிவுக்கு மூடியிலிருந்து விளக்கு ஊடுருவி வரணும். விசாரிச்சு, கோயமுத்தூர்ல பழைய எப்சன் வி600 ஒண்ணு வாங்கினேன். ஆட்டுக்குட்டி வித்த காசு. வீட்டுக்காரம்மா ரெண்டு நாள் பேசல.

2400 புள்ளியில எடுத்தா இந்தச் சதுர நெகட்டிவ் 2 கோடியே 80 லட்சம் புள்ளி கொடுக்குது. 35 மி.மீ. நெகட்டிவ்ன்னா அதே அளவுல 77 லட்சம்தான். சின்ன பிலிம் வெச்சிருக்கிறவங்க இந்தத் தட்டு ஸ்கேனரை நம்பாதீங்க. அடியில வெளிச்சப் பலகை வெச்சு, மேக்ரோ லென்ஸ் போட்ட டிஜிட்டல் கேமராவுல எடுக்கிறதே நல்லது. இன்னொண்ணு, தூசியைத் தானே அழிக்கும்னு ஸ்கேனர்ல ஒரு வசதி இருக்கும். கருப்பு வெள்ளைக்கு அதைப் போடாதீங்க. அது அகச்சிவப்பு ஒளியால தூசியைக் கண்டுபிடிக்குது. பிலிம்ல இருக்கிற வெள்ளி அதை மறைச்சிரும், படமே பாழாகும். ஊதுபந்தும் பொறுமையும்தான் வழி.

படம் திரையில வந்தப்போ அப்பா, காளை, அதுக்கு வலப்பக்கம் ஒரு ஓரமா அம்மா! நெகட்டிவ் சதுரம், அண்ணன் நீளமான பேப்பர்ல பிரிண்ட் போடும்போது ஓரத்தை வெட்டியிருக்கார். இடுப்புல தண்ணிக்குடத்தோட, கேமராவைப் பார்க்காம நிக்குது. அம்மாவுக்கு இளவயசுப் படம்னு ஒண்ணும் கிடையாது.

கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "இது அரக்குச் சேலைடா, சந்தையில எடுத்தது"ன்னுச்சு. அப்பாவைப் பத்தி ஒண்ணும் சொல்லல. சாயங்காலம் மறுபடி வந்து, பெருசாக்கிக் காட்டச் சொல்லிக் காளை பேரைச் சொல்லுச்சு.

காடி வாசம் வந்த பெட்டியில இன்னும் முந்நூறு கவர் கிடக்கு. ஆடி விதைப்புக்குள்ள முடிக்கணும். யார் வீட்டுப் படமோ.