ஆலைக்கு வெளியே நின்ற சுவர்

டெட்ராய்ட் என்ற பெயரோடு நமக்கு வந்து சேர்பவை பெரும்பாலும் பாழடைந்த ஆலைகளின் படங்கள்தாம். உடைந்த கண்ணாடிகள், கூரையைத் துளைத்து வளர்ந்த மரங்கள், வேலையிழந்த ஆண்களின் முகங்கள். கார் உற்பத்தி வளர்ந்தது, தொழிற்சங்கம் வென்றது, பிறகு ஆலைகள் போயின, நகரம் விழுந்தது என்று அந்தக் கதை நேர்கோட்டில் சொல்லப்படுகிறது. அதில் பெண்கள் எங்கே இருந்தார்கள் என்று கேட்டுப் பார்த்தால் கோடு வளையத் தொடங்குகிறது.

1936 டிசம்பர் இறுதியில், டெட்ராய்ட்டுக்கு அருகிலுள்ள ஃபிளின்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே அமர்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். 44 நாள் நீடித்த அந்தப் போராட்டம் ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கத்தை நிலைநிறுத்தியது. ஆனால் தொடக்கத்திலேயே ஆலைக்குள் இருந்த பெண் தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆண்களோடு இரவு தங்கினால் ஊர் என்ன பேசும் என்ற கவலை. வெளியே அனுப்பப்பட்ட பெண்களும் தொழிலாளர்களின் மனைவிமாரும் சமையற்கூடம் நடத்தினார்கள். ஜெனோரா ஜான்சன் என்ற இளம்பெண்ணின் தலைமையில் அவசரப் படை ஒன்றைத் திரட்டி, போலீசுக்கும் ஆலைக்கும் நடுவே நின்றார்கள். உள்ளே புகை நிரம்பியபோது ஜன்னல் கண்ணாடிகளை அடித்து நொறுக்கினார்கள். வெற்றி 1937 பிப்ரவரி 11இல் வந்தது.

வென்ற அந்தக் குடைக்கு வெளியே நின்றவர்கள் யார்? சங்கம் சேரும் உரிமையைச் சட்டமாக்கிய 1935ஆம் ஆண்டின் வாக்னர் சட்டம் விவசாயக் கூலிகளையும் வீட்டுவேலை செய்பவர்களையும் விலக்கி வைத்தது. 1940இல் சம்பாதித்துக்கொண்டிருந்த கறுப்பினப் பெண்களில் பத்தில் ஏறத்தாழ ஆறு பேர் வீட்டுவேலைதான் செய்துகொண்டிருந்தார்கள். அடுத்தவர் வீட்டுத் தரையைத் துடைப்பவளைச் சட்டம் தொழிலாளியாகவே பார்க்கவில்லை. 1938இல் வந்த குறைந்தபட்ச ஊதியச் சட்டம் அவளை எட்டுவதற்கு 1974 வரை ஆயிற்று.

இரண்டாம் உலகப் போர் ஆலைக் கதவைக் கொஞ்சம் திறந்தது. திறந்த கதவுக்கு அப்பால் இன்னொரு கதவு இருந்தது, கழிப்பறையின் கதவு. 1943இல் பால்டிமோரின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் ஆலையில் வெள்ளைத் தொழிலாளர்கள் தனித்தனிக் கழிப்பறை கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். போர்த் தளவாட உற்பத்தி நின்றுபோகாமலிருக்க ராணுவமே அந்த ஆலையைக் கையில் எடுக்க நேர்ந்தது. டெட்ராய்ட்டிலும் வெள்ளைப் பெண்கள் கறுப்பினப் பெண்களோடு கழிப்பறையைப் பகிர மறுத்து வெளிநடப்புச் செய்தார்கள். நோய் பரவும் என்று காரணம் சொல்லப்பட்டது. அதே கறுப்பினப் பெண்தான் அவர்கள் வீட்டில் சமைத்தாள், அவர்கள் குழந்தையைக் குளிப்பாட்டினாள். வேலைக்காரியாகத் தொட்டால் இல்லாத தீட்டு, சக தொழிலாளியாக அருகில் நின்றதும் வந்துவிட்டது. தீட்டு என்ற சொல்லோடு வளர்ந்த நமக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

அதே ஆண்டு ஜூன் மாதம் டெட்ராய்ட்டின் பேக்கார்ட் ஆலையில் ஒரு சில கறுப்பினத் தொழிலாளர்களுக்குப் பதவி உயர்வு கொடுத்ததற்காக ஏறத்தாழ 25,000 வெள்ளைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். சங்கத் தலைமை அவர்கள் பக்கம் நிற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அது அந்த வேலைநிறுத்தத்தை வெளிப்படையாக எதிர்த்தது. விமான பாகங்களுக்கு ரிவெட் அடித்துக்கொண்டிருந்த லில்லியன் ஹாட்சர் 1944இல் சங்கத்தின் சர்வதேசப் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் கறுப்பினப் பெண் அவர். தலைமை ஒன்று சொல்ல, ஆலைத் தளம் வேறொன்று செய்தது. 1943 ஜூன் மாதம் நகரில் வெடித்த கலவரத்தில் 34 பேர் இறந்தார்கள், அவர்களில் 25 பேர் கறுப்பினத்தவர்.

சங்கத்தின் கை எட்டாத இடம் இன்னொன்றும் இருந்தது: தெரு. 1930களில் அரசின் வீட்டுக் கடன் அமைப்புகள் நகர வரைபடங்களில் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் பூசின. சிவப்பு என்றால் கடன் கிடைக்காது. டெட்ராய்ட்டின் எட்டு மைல் சாலைக்கு அருகே கறுப்பினக் குடும்பங்கள் மனை வாங்கிக் குடியேறியிருந்த ஒரு பகுதி இருந்தது. அதை ஒட்டி வெள்ளையருக்கு வீடு கட்ட வந்த ஒருவருக்கு, இந்த அண்டை வீட்டாரைக் காரணம் காட்டி அரசின் கடன் உத்தரவாதம் மறுக்கப்பட்டது. 1941இல் அவர் இரண்டு பகுதிகளுக்கும் நடுவே ஆறடி உயரத்தில் அரை மைல் நீளத்துக்குக் கான்கிரீட் சுவர் எழுப்பினார். உத்தரவாதம் கிடைத்துவிட்டது. சுவர் இன்றும் நிற்கிறது.

மின்னி மெக்கீயும் அவர் கணவர் ஆர்செலும் டெட்ராய்ட்டில் ஒரு வீட்டை வாங்கிக் குடியேறியபோது, கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது என்ற பத்திர நிபந்தனையைக் காட்டி அண்டை வீட்டார் வழக்குப் போட்டார்கள். 1948இல் உச்ச நீதிமன்றம், அத்தகைய நிபந்தனையை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பத்திரம் தோற்றது. ஆனால் கடன் மறுப்பும், தரகரின் மௌனமும், ஜன்னலில் விழும் கல்லும் எந்தத் தீர்ப்புக்கும் காத்திருக்கவில்லை.

இந்த இடத்தில்தான் ஆலைகளின் வீழ்ச்சி வந்து இணைகிறது. போருக்குப் பின் நிறுவனங்கள் புதிய ஆலைகளைப் புறநகர்களில் கட்டின. இயந்திரங்கள் ஆட்களின் இடத்தைப் பிடித்தன. 1947க்கும் 1963க்கும் இடையே டெட்ராய்ட் ஏறத்தாழ 1,34,000 உற்பத்தித் துறை வேலைகளை இழந்தது. வெள்ளைத் தொழிலாளி வேலையின் பின்னால் வீடு மாறினான். கறுப்பினத் தொழிலாளிக்கு அந்த ஊரில் வீடு விற்பாரில்லை. ஃபோர்டின் பெரிய ஆலை இருந்த டியர்பார்னில் அவர்கள் வேலை செய்யலாம், குடியிருக்க முடியாது. அங்கே 1942 முதல் 1978 வரை மேயராக இருந்த ஆர்வில் ஹப்பர்ட் இனப் பிரிவினையை ஒளிவுமறைவின்றி ஆதரித்தவர். கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவரை முதலில் நீக்கும் சீனியாரிட்டி விதியோ, தாமதமாக உள்ளே விடப்பட்ட கறுப்பினப் பெண்ணையே முதலில் வெளியே தள்ளியது. விதியில் நிறமும் இல்லை, பாலினமும் இல்லை. அவள் எப்போது உள்ளே விடப்பட்டாள் என்பதில் இரண்டும் இருந்தன.

1950இல் 18.5 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2010இல் 7,13,777 ஆகிவிட்டது. இந்த எண்களை ‘வீழ்ச்சி’ என்ற ஒரே சொல்லில் அடக்கும்போது அது மழை பெய்வதுபோல் தானாக நிகழ்ந்தது என்றாகிவிடுகிறது. கடன் மறுத்தவர்கள் இருந்தார்கள். சுவர் கட்டியவர்கள் இருந்தார்கள். அவை எழுந்தபோது ஆலைகள் முழுவீச்சில் ஓடிக்கொண்டிருந்தன.

1930இலேயே டெட்ராய்ட்டில் ஃபேனி பெக் 50 பெண்களோடு இல்லத்தரசிகள் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். கறுப்பினத்தவரின் கடைகளையும் தொழில்களையும் ஆதரித்து வாங்குவது என்பது அவர்கள் கொள்கை. நான்கே ஆண்டுகளில் அது பத்தாயிரம் பேராக வளர்ந்தது. தொழிலாளர் வரலாறு இவர்களைப் பெரும்பாலும் அடிக்குறிப்பில் வைக்கிறது. ஆனால் ஒரு கூலியின் மதிப்பு ஆலை வாசலில் முடிந்துவிடுவதில்லை, அதைக் கொண்டு எந்தக் கடையில் என்ன வாங்கலாம், எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்பதில்தான் அது முழுமையாகிறது என்று அவர்கள் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். மாதச் சம்பளத்தைக் கையில் வாங்கி வீட்டை நடத்துகிற பெண்ணின் கணக்கு அது. சங்கங்கள் அந்தக் கணக்கைச் சரியாகப் படித்திருந்தால் சுவருக்கு எதிராகவும் ஒரு வேலைநிறுத்தம் நடந்திருக்கும்.