தைப்பொங்கல்: வானத்தின் நாளும் வயலின் நாளும்

தைப்பொங்கல் அறுவடைத் திருநாள் என்றுதான் படித்து வந்திருக்கிறோம். வன்னியில் வயல் செய்கிறவரைக் கேட்டால், பொங்கலுக்குப் பாதி வயல் பச்சையாத்தான் நிக்கும் என்பார். புரட்டாதி, ஐப்பசி மழையை நம்பி விதைக்கும் காலபோக நெல்லில் பெரும்பகுதி தை பிற்பகுதியிலும் மாசியிலும்தான் அறுவடையாகும்.

அப்படியென்றால் தை முதலாம் நாள் எங்கிருந்து வந்தது? அது வானக் கணக்கு. சூரியன் மகர ராசிக்குள் நுழையும் நாள். அன்றுதான் சூரியன் வடக்கே திரும்புகிறது என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் அது திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22இல். ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே நாளில் வந்தன. பூமியின் அச்சு மெல்லத் திசைமாறுவதால், சுமார் 71 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் விலகி, பொங்கல் இன்று ஜனவரி 14, 15க்கு வந்து நிற்கிறது. சிவனின் செய்தியைக் காளை மாற்றிச் சொன்னதால்தான் ஏர் இழுக்க வந்தது என்ற பட்டிப்பொங்கல் கதையும் உழவின் உழைப்புக்குச் சொன்ன விளக்கமே, வரலாறல்ல.

நம்மவரில் சிலர், பொங்கல் வெறும் உழவர் விழா, அதில் மதமே இல்லை என்கிறார்கள். சூரியனுக்குப் படைப்பது வணக்கம்தான். அதை மறைக்கத் தேவையில்லை. நமக்கு அங்கே எல்லை உண்டு. ஆனால் தை, மாசி என்று பருவம் பார்த்து வயலில் இறங்குவது வணக்கமல்ல. ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. முஹர்ரம் ஏறக்குறைய 33 ஆண்டில் எல்லாப் பருவத்தையும் சுற்றி வந்துவிடும். அதை வைத்து விதைக்க முடியாது. அதனால்தான் அக்பர் ஆட்சியில் நிலவரிக்கென்று பசலி ஆண்டு வந்தது. தமிழ்நாட்டு வருவாய்க் கணக்கில் அது இன்றும் உண்டு. வன்னி முஸ்லிம் விவசாயியும் நோன்புக்குப் பிறை பார்த்தார். விதைப்புக்குத் தமிழ் மாதம் பார்த்தார்.

நமக்கும் அறுவடை நாள் உண்டு; அதற்குத் திகதிதான் இல்லை. விளைச்சலின் கடமையை அறுவடை நாளிலேயே கொடுக்கச் சொல்கிறது சூறா அல்அன்ஆமின் 141ஆம் வசனம். மழையில் விளைந்தால் பத்திலொன்று; செலவழித்து நீர் இறைத்திருந்தால் இருபதிலொன்று. ஏழையின் பங்கு களத்திலேயே பிரிகிறது.

1990 ஒக்டோபரில் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். புத்தளத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் காலபோகம் என்ற சொல்லே அந்நியமாகிவிட்டது. அறுவடையை ஒரு சமயத்தாரின் விழாவாக மட்டும் எழுதிவிட்டால், வன்னியில் உழுத முஸ்லிம்கள் வரலாற்றிலிருந்தும் வெளியேறிவிடுவார்கள். மூத்தவர்கள் இருக்கும்போதே அவர்களின் வயற்கணக்கையும் களத்துச் சொற்களையும் கேட்டு எழுதிவைக்க வேண்டும். காணி உறுதியைப் போலவே அதுவும் நமக்கு ஓர் ஆவணம்.