அறளையும் சொல்லிழப்பும்

அச்சுவேலிச் செம்மண்ணிலே புகையிலையும் வெங்காயமும் பயிரிட்டு முதிர்ந்த ஒருவர் பாரிசவாதத்தில் விழுந்தார் எனக் கொள்வோம். உயிர் தப்புகிறது, சொல் தப்பவில்லை. தண்ணீர் கேட்க எண்ணியவர் வாயில் "துலா" என்று வருகின்றது. பிழை அவருக்கே தெரிகிறது, முகம் வாடுகிறது. வீட்டாரோ, "அப்புவுக்கு அறளை பெயர்ந்துவிட்டது" என்று ஒதுங்குகின்றனர். அச்சொல்லும் அவர் காதில் விழுந்து விளங்குகிறது என்பதே கொடுமை.

இத்தவறு அச்சுவேலிக்கு மட்டும் உரியதன்று. பாரிஸ் நகரையடுத்த பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ஞ் என்பவர் நெடுங்காலம் கிடந்தார். எதைக் கேட்டாலும் "தான், தான்" என்பதே விடை. 1861 ஏப்பிரிலில் சத்திர வைத்தியர் புரோக்கா, "இங்கு வந்து எத்தனை ஆண்டு?" என வினவினார். நோயாளி இடக்கையை நான்குமுறை விரித்து, பின்னும் ஒரு விரலை நீட்டினார். 21 ஆண்டு, கணக்குச் சரி! சில நாளில் அவர் இறக்க, மூளையின் இடப்புற முன்பகுதியிலே பழுது காணப்பட்டது. சொல் போயினும் அறிவு நின்றது என்பதற்கு அந்த விரல்களே சான்று.

அக்காலத்திலேதான் மானிப்பாயில் வைத்தியர் கிறீன், 1864 முதல், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். 1872 இல் அவரது 'மனுஷ அங்காதிபாதம்' வெளிவந்தது. உடலைத் தமிழிற் கூற வழி பிறந்தது. இழந்த பேச்சை மீட்கும் கலையோ தாமதித்தே வந்தது. உலகப் போர்களில் தலையிற் காயமுற்ற வீரரிடையே அது வளர்ந்தது. மைசூரில் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் 1965 இலும், களனிப் பல்கலைக்கழகத்தில் பேச்சுச் சிகிச்சைப் பயிற்சி 1997 இலும் தொடங்கின.

வேறொரு வகையும் உண்டு. தலையில் அடிபட்டவர் சிலருக்குச் சொற்கள் குறையா. கவனமும் நினைவும் சிதறும். தொடங்கிய பேச்சு எங்கோ போய்விடும். கேலியை மெய்யென்று கொள்வர். இவர்களுக்குச் சந்தடியற்ற இடம், ஒரு வேளைக்கு ஒரு செய்தி, கையில் ஒரு குறிப்புப் புத்தகம் ஆகியன உதவும்.

சொல்லிழந்தவரோ, தண்ணீர் கேட்க இயலாதபோதும், இளமையில் மனனஞ்செய்த தேவாரத்தைப் பண்ணோடு பாடிவிடுதல் உண்டு. 1973 இல் பொஸ்ரன் நகர ஆய்வாளர் இவ்வியல்பையே மருந்தாக்கினர். வேண்டிய சொற்றொடரை இராகத்தில் ஏற்றி, இடக்கையால் தாளமிடச் செய்து, பின்னர் இராகத்தை மெல்ல விலக்குவர். அச்சொற்கள் நோயாளியின் வீட்டுச் சொற்களாதல் வேண்டும். அச்சுவேலி முதியவருக்கு முதலிற் காட்டத்தக்க படங்கள் கிணறும் துலாவும் செம்பும்.