ஒரே அடுப்பு இருந்தவரை அதற்குப் பெயர் இல்லை: கெர்னலுக்குள் ப்ராசசரும் த்ரெட்டும் வந்த கதை



கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவங்க யாருக்கும் இந்த ரெண்டு மார்க் கேள்வி மறந்திருக்காது: ப்ராசஸுக்கும் த்ரெட்டுக்கும் என்ன வித்தியாசம்? நடுவில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் மூணு பாயின்ட், அந்தப் பக்கம் மூணு பாயின்ட் எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்போம். ஏதோ இயற்கை விதி மாதிரிதான் அது நமக்குச் சொல்லித் தரப்பட்டது. ஆனால் அது மனிதர்கள் எடுத்த ஒரு முடிவு. அதுக்கு ஊர் இருக்கு, வருஷம் இருக்கு, காரணமும் இருக்கு. அந்தக் கதையைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

முதலில் ஒரு வார்த்தை. கெர்னல் என்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் உள்மையம். எந்த ப்ரோகிராம் இப்போ ஓடணும், எது காத்திருக்கணும், யாருக்கு எவ்வளவு மெமரி என்பதையெல்லாம் முடிவு செய்வது அதுதான். முடிவு செய்யணும்னா, தன் கையில் என்னென்ன இருக்குன்னு அதுக்குத் தெரியணும். அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் கோடில் ஒரு வரையறை எழுதி வைத்திருப்பார்கள். அந்த வரையறையில் இல்லாத பொருள் கெர்னலின் கண்ணுக்குத் தெரியாது.

ஒரே அடுப்பு

1969-இல் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை எழுதத் தொடங்கினார்கள். அதன் ஆறாம் பதிப்பு 1975-இல் வந்தது. ஆஸ்திரேலியாவில் பேராசிரியர் ஜான் லயன்ஸ் வரிவரியாக விளக்கம் எழுதியது இந்தப் பதிப்புக்குத்தான். கெர்னல் மொத்தமே சுமார் 9,000 வரிகள். அதில் ப்ராசஸுக்கு ஒரு அட்டவணை உண்டு. ஐம்பது இடங்கள். ஒவ்வொரு இடத்திலும் அந்த ப்ராசஸின் நிலை, முன்னுரிமை, எண், அதன் மெமரி எங்கே இருக்கிறது என்ற விவரங்கள்.

சரி, ப்ராசசருக்கு? அதுக்கு எந்த அட்டவணையும் கிடையாது. தேடினாலும் கிடைக்காது.

ஏன்னு யோசிச்சுப் பாருங்க. ஒரு சின்ன மெஸ், ஒரே ஒரு அடுப்பு. அங்கே யாராவது "எந்த அடுப்பு?"ன்னு கேப்பாங்களா? "அடுப்புல வை"ன்னா போதும். யூனிக்ஸ் பிறந்த மெஷின்களில் ப்ராசசர் ஒன்றே ஒன்று. ஒன்றே ஒன்று இருக்கும் பொருளுக்கு யாரும் பெயர் வைப்பதில்லை. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸின் விவரம் எப்போதும் ஒரே முகவரியில் இருக்கும். அந்த மாறியின் பெயரே ஒற்றை எழுத்துதான்: யு. ப்ராசஸ் மாறும்போது அந்த முகவரிக்குப் பின்னால் இருக்கும் மெமரி மட்டும் மாறும்.

இதில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருந்தது. கெர்னலுக்குள் ஒரு முக்கியமான பட்டியலைத் திருத்தும்போது வேறு யாரும் குறுக்கே வரக் கூடாது இல்லையா? அதுக்கு யூனிக்ஸ் செய்தது ரொம்ப எளிமை. கொஞ்ச நேரத்துக்கு இன்டரப்ட்டை நிறுத்தி வைக்கும். அடுப்பு ஒன்றுதான் என்பதால் குறுக்கே வர வேறு யாரும் இல்லை. பூட்டே இல்லாத வீடு, ஆனா திருட்டு பயமும் இல்லை.

அதே மாதிரி ப்ராசஸ் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு விஷயங்கள் ஒட்டிக்கிடந்தன. ஒன்று, சொத்து: மெமரி, திறந்து வைத்திருக்கும் ஃபைல்கள். இன்னொன்று, ஓட்டம்: கோடில் எந்த வரி வரை வந்திருக்கிறோம் என்பது. நம்ம மெஸ் கணக்கில் சொன்னா, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனி மளிகை அறை. இரண்டாவது பாத்திரம் வேணும்னா மளிகை அறையையும் அப்படியே இன்னொரு பிரதி எடுக்கணும். ரெண்டு பாத்திரம் ஒரே உப்பு டப்பாவைப் பகிர்ந்துக்க வழி இல்லை.

இரண்டாவது அடுப்பு வந்தபோது

1980-களில் ஒரே மெஷினில் பல ப்ராசசர் வைப்பது பரவலானது. உடனே இந்த மௌனம் பிரச்சினையானது. இரண்டு ப்ராசசர்கள் ஒரே நேரத்தில் கெர்னலுக்குள் நுழைந்து ஒரே பட்டியலைத் திருத்தினால் பட்டியல் சிதைந்துவிடும். ஒரு ப்ராசசரில் இன்டரப்ட்டை நிறுத்துவது இன்னொரு ப்ராசசரைத் தடுக்காது.

1980-களின் தொடக்கத்தில் பர்டூ பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கோபிளும் மைக்கேல் மார்ஷும் இரண்டு வேக்ஸ் 11/780-களை இணைத்து யூனிக்ஸை ஓட்டினார்கள். அவர்கள் கண்ட வழி: ஒரு ப்ராசசர் எஜமான், இன்னொன்று உதவியாள். உதவியாள் பயனரின் ப்ரோகிராமை மட்டும் ஓட்டலாம். கெர்னலிடம் எதையாவது கேட்கணும்னா அந்த ப்ராசஸ் எஜமானிடம் போய் நிக்கணும். கணக்கு மட்டும் போடும் ப்ரோகிராமுக்கு இது நல்லா உதவும். அடிக்கடி கெர்னலைக் கூப்பிடும் ப்ரோகிராம்னா எஜமான் வாசலில் கூட்டம் சேர்ந்துடும்.

பிட்ஸ்பர்க் முடிவு

1985 வாக்கில் பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ரஷீத் தலைமையில் மாக் என்ற கெர்னல் தொடங்கியது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி நிறுவனமான டார்பா பணம் கொடுத்தது. மாணவராக அங்கே இருந்த ஏவி டெவானியன் அதன் முக்கியக் கைகளில் ஒருவர். 1986-இல் யூஸ்னிக்ஸ் மாநாட்டில் அவர்கள் வைத்த கட்டுரையில், ப்ராசஸ் என்ற பழைய சொல்லை இரண்டாகப் பிளந்தார்கள்.

சொத்துக்கு டாஸ்க் என்று பெயர். ஓட்டத்துக்கு த்ரெட் என்று பெயர். டாஸ்க் தானாக ஓடாது. அது மளிகை அறை. த்ரெட்டுக்குச் சொந்தமாகப் பெரிதாக எதுவும் இல்லை. அது அடுப்பில் ஏறும் பாத்திரம். ஒரு டாஸ்க்குக்குள் எத்தனை த்ரெட் வேண்டுமானாலும் இருக்கலாம். பழைய யூனிக்ஸ் ப்ராசஸ் என்பது ஒரே ஒரு த்ரெட் உள்ள டாஸ்க், அவ்வளவுதான். இந்த யோசனையை மாக்தான் முதன்முதலில் கண்டுபிடித்தது என்று சொல்ல முடியாது. ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் மேசா மொழியில் ஒரே மெமரியைப் பகிரும் எடை குறைந்த ப்ராசஸ்கள் முன்பே இருந்தன. மாக் செய்தது, யூனிக்ஸ் ப்ரோகிராம்கள் ஓடும் ஒரு கெர்னலின் அடித்தளத்திலேயே இந்தப் பிரிவினையைப் போட்டதுதான்.

அடுத்த படிதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. பாத்திரத்துக்குப் பெயர் வைத்தவர்கள் அடுப்புக்கும் பெயர் வைத்தார்கள். மாக் கோடில் ப்ராசசருக்கென்றே ஒரு வரையறை வந்தது. அதன் நிலைகள் வரிசையாக எழுதப்பட்டன: மெஷினில் இல்லை, ஓடுகிறது, சும்மா இருக்கிறது, டிஸ்பேச்சிங், இடம் மாற்றப்படுகிறது, மூடப்படுகிறது.

இதில் டிஸ்பேச்சிங்னா என்ன? ஒரு ப்ராசசர் சும்மா இருக்கு. இன்னொரு ப்ராசசரில் ஓடும் கெர்னல் கோடு அதைப் பார்த்து, "இந்தா, அடுத்து இந்த த்ரெட்"னு கையில் வைக்குது. வைத்த நொடிக்கும், அது எடுத்து ஓட ஆரம்பிக்கும் நொடிக்கும் நடுவில் ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில் அது சும்மாவும் இல்லை, ஓடவும் இல்லை. ஒரே ஒரு ப்ராசசர் இருந்த காலத்தில் இந்த இடைவெளியைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. இப்போது அதுக்குத் தனிப் பெயர் கொடுக்கலைன்னா, மூன்றாவது ப்ராசசர் ஒன்று வந்து "இது சும்மாதானே இருக்கு"னு இன்னொரு த்ரெட்டையும் அதன் தலையில் கட்டிவிடும்.

பிறகு டேவிட் பிளாக் என்ற ஆய்வாளர் ப்ராசசர் செட் என்ற வரையறையைக் கொண்டு வந்தார். இந்த வேலையை விளக்கும் அவருடைய கட்டுரை 1990-இல் வெளிவந்தது. பெரிய மெஸ்ஸில் "இந்த ரெண்டு அடுப்பு சாம்பாருக்கு மட்டும்"னு ஒதுக்குவது மாதிரி. ஒவ்வொரு ப்ராசசரும் ஏதோ ஒரு செட்டில் இருக்கும். ஒவ்வொரு த்ரெட்டும் ஒரு செட்டுக்கு ஒதுக்கப்படும், அந்த செட்டின் ப்ராசசர்களில் மட்டுமே ஓடும். செட்டில் ஒரு ப்ராசசர்கூட இல்லையா? அப்போ அதன் த்ரெட்கள் உயிரோடு இருக்கும், ஆனால் ஓடாது. அந்த நிலை கெர்னலுக்கே வந்துவிடக் கூடாது என்று ஒரு காப்பும் வைத்தார்கள்: முதன்மை ப்ராசசரை டீஃபால்ட் செட்டிலிருந்து யாரும் வெளியே எடுக்க முடியாது.

யாருக்கு எத்தனை ப்ராசசர் என்று முடிவு செய்வது கெர்னலின் வேலையாக வைக்கப்படவில்லை. அதைக் கெர்னலுக்கு வெளியே இருக்கும் ஒரு சர்வர் ப்ரோகிராமிடம் விட்டார்கள். வேலி போடுவது கெர்னல், நிலத்தைப் பங்கு போடுவது வேறொருவர்.

சுமையாகத் தெரிந்த காலம்

இவ்வளவு யோசிச்சு எழுதின கெர்னல் அடுத்து எங்கே போச்சு தெரியுமா? 1988-இல் ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் கம்ப்யூட்டருக்கு. டெவானியனும் அங்கே போனார். அந்த மெஷினில் இருந்தது ஒரே ஒரு மோட்டோரோலா ப்ராசசர். ஒரே அடுப்புள்ள வீட்டில் கல்யாண மண்டபத்து சமையல் பட்டியல்! மாக் கனமானது, மெதுவானது என்ற விமர்சனம் 1990-களில் நிறையவே வந்தது.

த்ரெட்டின் எடையைக் குறைக்க கார்னகி மெலனிலும் வேலை நடந்தது. காத்திருக்கும் த்ரெட்டுக்கு எதுக்கு தனி கெர்னல் ஸ்டாக்? எழுந்ததும் எங்கிருந்து தொடரணும்னு ஒரு குறிப்பு இருந்தால் போதாதா? 1991-இல் வெளியான ஆய்வின்படி, இப்படிச் செய்ததில் ஒரு த்ரெட்டுக்கு ஆகும் இடம் 85 சதவீதம் குறைந்தது.

அதே 1991-இல் ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்கினார். அவர் பிளக்க மறுத்தார். ப்ராசஸ், த்ரெட் என்று இரண்டு பொருள் எதற்கு, எல்லாமே ஓட்டம்தான், எதைப் பகிர்வது என்பதை உருவாக்கும்போது தேர்ந்தெடுத்தால் போதும் என்பது அவர் வாதம். குளோன் என்ற சிஸ்டம் கால் அந்த வாதத்தின் வடிவம். அதனால்தான் லினக்ஸ் கோடில் ஒவ்வொரு த்ரெட்டையும் குறிக்கும் வரையறையின் பெயர் டாஸ்க் ஸ்ட்ரக்ட். மாக் படிச்சுட்டு வர்றவங்களுக்குத் தலை சுத்தும்.

ஆனா இரண்டாவது அடுப்பின் கணக்கை லினக்ஸும் கட்ட வேண்டியிருந்தது. 1996-இல் லினக்ஸ் 2.0 பல ப்ராசசர்களை ஏற்றபோது, கெர்னல் முழுவதற்கும் ஒரே பெரிய பூட்டு. ஒரு நேரத்தில் ஒரு ப்ராசசர்தான் உள்ளே. அந்தப் பூட்டைத் துண்டு துண்டாக அகற்றி முடிக்க 2011 ஆனது. பதினைந்து வருஷம்! நடுவில் 2005-இல், ப்ராசசர்களைக் கூட்டமாகப் பிரித்து ஒதுக்கும் சிபியு செட் லினக்ஸுக்குள்ளும் வந்தது. பாதை வேறு, வந்து சேர்ந்த இடம் கிட்டத்தட்ட ஒன்று.

உங்கள் பைக்குள் இருக்கும் செட்

1996 டிசம்பரில் நெக்ஸ்டை வாங்குவதாக ஆப்பிள் அறிவித்தது. மாக்கின் வழித்தோன்றலான எக்ஸ்என்யு கெர்னல் 2001-இல் மாக் ஓஎஸ் டென்னிலும், 2007-இல் ஐஃபோனிலும் வந்தது. முதல் ஐஃபோனிலும் ஒரே கோர்தான். ப்ராசசர் செட் வரையறை கோடில் இருந்தது, பெரிதாக வேலை இல்லாமல்.

2020-இல் எம்1 சிப் வந்தது. நான்கு வேகமான கோர், நான்கு சிக்கனமான கோர். இப்போ அடுப்புகளே ஒரே ரகம் இல்லை. நாலு பெரிய பர்னர், நாலு சிம் பர்னர். ஆப்பிள் வெளியிட்டிருக்கும் எக்ஸ்என்யு கோடைத் திறந்து பார்த்தால், வேகமான கூட்டத்துக்கு ஒரு ப்ராசசர் செட், சிக்கனமான கூட்டத்துக்கு இன்னொன்று. ஓடுகிறது, சும்மா இருக்கிறது, டிஸ்பேச்சிங் என்ற அந்த நிலைப் பெயர்களும் அப்படியே இருக்கின்றன.

பொருள் கொஞ்சம் மாறியிருக்கு, அதையும் சொல்லணும். பிளாக்கின் செட் ஒரு வேலி, த்ரெட் தாண்ட முடியாது. எம்1-இல் அவசர வேலை செய்யும் த்ரெட், வேகமான கோர்கள் நிரம்பினால் சிக்கனக் கூட்டத்துக்கும் போகலாம். ஆனால் பின்னணி வேலை என்று முத்திரை குத்தப்பட்ட த்ரெட், வேகமான கோர்கள் காலியாக இருந்தாலும் சிக்கனக் கூட்டத்தை விட்டு வெளியே வராது. மேக்புக்கில் ஒரு பெரிய பேக்கப் ஓடிட்டிருக்கும்போதும் நீங்க டைப் பண்றது தடுமாறாம இருக்கே, பேட்டரியும் தாங்குதே, அதுக்கு இந்தப் பிரிவினையும் ஒரு காரணம்.

எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது இதுதான். பிட்ஸ்பர்க்கில் அந்த வரையறைகளை எழுதியவர்கள் மடிக்கணினி பேட்டரியை நினைத்து எழுதவில்லை. அறையை அடைத்த வேக்ஸ் மெஷின்களை நினைத்து எழுதினார்கள். அந்த மெஷின்கள் போய்விட்டன. எது சொத்து, எது ஓட்டம், எது அடுப்பு என்று பிரித்து எழுதிய வரிகள் நின்றுவிட்டன. ஒன்றுதான் இருக்கு என்பதற்காகப் பெயர் வைக்காமல் விட்டவர்களோ, இரண்டாவது வந்தபோது வருஷக்கணக்கில் கோடைப் பிரித்துக் கோத்தார்கள். நீங்க ஏதாவது ஒரு சிஸ்டம் கட்டிட்டு இருந்தா, அதில் "ஒண்ணுதானே இருக்கு"னு பெயர் வைக்காம விட்டது எதுன்னு ஒரு தடவை பட்டியல் போட்டுப் பாருங்க.