கொட்டிலில் உறங்கும் லாண்ட்மாஸ்டர்

ஈழத்தின் வயற்புற ஊர் ஒன்றில் வளர்ந்து, இன்று ரொறன்ரோவிலோ இலண்டனிலோ வாழும் ஒருவரிடம் 'லாண்ட்மாஸ்டர்' என்று சொல்லிப் பாருங்கள். நீண்ட இரண்டு கைபிடிகளும் ஒற்றைச் சிலிண்டர் இயந்திரமும் இரண்டு சில்லுகளும் பின்னால் கொழுவிய பெட்டியும் உடனே அவர் கண்முன் வந்து நிற்கும். வயலை உழுததும் அதுதான். நெல்மூட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அதுதான். கோயில் திருவிழாவுக்குச் சனத்தை ஏற்றிச் சென்றதும் அதுதான். பின்னர் வந்த ஜப்பானிய குபோட்டாவையும், அதற்கும் பின்னர் வந்த சீன இயந்திரங்களையும்கூட நம்மவர் லாண்ட்மாஸ்டர் என்றே அழைத்தனர். சிங்கள மக்களிடையேயும் இதே வழக்கு உண்டு.

ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர் இவ்வாறு ஒரு பொருளின் பொதுப்பெயராகிவிட்டது. அந்த நிறுவனம் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம்ஷயரில் ஹக்னல் என்ற சிறு நகரில் இருந்தது. அது தயாரித்தவை தோட்டங்களுக்கும் சிறு நிலங்களுக்குமான கை உழவு இயந்திரங்கள். நம் நாட்டு வயலுக்கென அதன் இயந்திரத்தை உருவாக்கியவரோ ஓர் இலங்கையர். இந்த வரலாறு நூலகங்களில் மாத்திரம் இல்லை. வீட்டுக் கொட்டில்களில் தென்னோலைக்கும் பழைய சாக்குக்கும் அடியில் துருப்பிடித்தபடி கிடக்கிறது. அதைப் பழைய இரும்பு வியாபாரியிடம் நிறுத்துக் கொடுப்பதற்கு முன்னர் ஒருமுறை சிந்திக்க வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

தோட்டத்தில் பிறந்த இயந்திரம்

சிறு நிலத்துக்கான உழவு இயந்திரத்தின் தொடக்கம் பெரும் தொழிற்சாலைகளில் நிகழ்ந்ததன்று. அமெரிக்காவின் மேற்கு வேர்ஜினியாவில், டன்பார் என்னும் ஊரைச் சேர்ந்த பெஞ்சமின் கிரேவ்லி ஓர் ஒளிப்படக்காரர். பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றின் பாகங்களைக் கொண்டு, பின்னால் நடந்து செலுத்தும் ஒரு கலப்பையை அவர் தமது தோட்டத்துக்கெனச் செய்தார். 1916இல் அதற்குக் காப்புரிமம் பெற்றார். அவுஸ்திரேலியாவில் ஆதர் கிளிபோர்ட் ஹவார்ட் என்ற இளைஞர் 1912இல் தந்தையின் பண்ணையில், சுழலும் அலகுகளால் மண்ணைக் கிளறும் முறையைப் பரிசோதித்தார். இன்று நாம் 'ரொட்டவேற்றர்' என்று சொல்வது அந்த முயற்சியின் பிள்ளை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகள் இத்தகைய இயந்திரங்களின் பொற்காலம் எனலாம். பிரித்தானியாவில் உணவுப் பங்கீடு 1954 வரை நீடித்தது. வீட்டுத் தோட்டம் பொழுதுபோக்காக அன்றித் தேவையாகவே இருந்தது. அமெரிக்காவில் 1946இல் இந்தியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரில் ஒரு வீட்டு வாகனக் கொட்டிலில் தொடங்கிய முயற்சியே 'வீல் ஹோர்ஸ்' தோட்ட டிராக்டராக வளர்ந்தது. பெரு நிறுவனங்கள் இத்துறைக்குப் பிந்தியே வந்தன. இன்டர்நஷனல் ஹார்வெஸ்ரர் 1961இல் 'கப் கடெற்' என்ற சிறு டிராக்டரையும், ஜோன் டியர் 1963இல் '110' என்ற டிராக்டரையும் வெளியிட்டன. வீட்டுக் கொட்டிலில் பிறந்தவை ஆதலால் வீட்டுக் கொட்டிலிலேயே பழுதுபார்க்கக் கூடியவையாக இவை அமைந்தன.

ஹக்னலில் ஓர் இலங்கையர்

ரே விஜேவர்தன 1924இல் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் பொறியியல் கற்றவர், விமானி, 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டத்தில் இலங்கைக்காகப் போட்டியிட்டவர், பிற்காலத்தில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் விளங்கியவர். பெரிய நான்கு சில்லு உழவு இயந்திரம் நம் சிறு வயற் துண்டுகளுக்கும் ஒடுங்கிய வரம்புகளுக்கும் ஏற்றதன்று; விலையோ சாதாரண விவசாயியின் கைக்கு எட்டாதது. இதற்கு விடையாக 1950களின் நடுப்பகுதியில் அவர் உருவாக்கிய இருசில்லு உழவு இயந்திரத்தை லாண்ட்மாஸ்டர் நிறுவனம் தயாரித்தது. வெப்பமண்டல நாடுகள் பலவற்றுக்கும் சென்று அவர் அதனைச் செய்துகாட்டினார். ஆங்கிலேயரின் தோட்டத்துக்கென வளர்ந்த ஓர் இயந்திர வகை, இவ்வாறு நம் வயலின் சேற்றில் இறங்கியது.

திறக்கக்கூடிய இயந்திரம்

அக்காலத்துத் தோட்ட இயந்திரங்களின் உள்ளமைப்பு எளிமையானது. பெரும்பாலானவற்றில் ஒரே ஒரு சிலிண்டர், காற்றால் குளிர்வது, பற்றவைப்புக்கு மின்கலம் வேண்டாம். சுழலும் பறக்கும்சில்லில் பதித்த காந்தமே மின்பொறியைத் தரும். ஆங்கிலத்தில் 'மக்னீற்றோ' எனப்படுவது இதுதான். கயிற்றைச் சுற்றி இழுத்தால் இயங்கத் தொடங்கிவிடும்.

நீண்டகாலம் நின்றுபோன இயந்திரத்தை வீட்டிலேயே உயிர்ப்பிப்பதற்கு வேண்டியவை பொறுமையும் சில சாவிகளும்தான். முதலில் செய்ய வேண்டாதது ஒன்று உண்டு: கயிற்றைப் பிடித்துப் பலத்தோடு இழுக்கக் கூடாது. பிஸ்ரன் துருவினால் ஒட்டியிருப்பின் வளையங்கள் உடைந்துவிடும். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையினூடாகச் சிறிது டீசலோ மெல்லிய எண்ணெயோ விட்டுச் சில நாட்கள் ஊறவிட வேண்டும். பின்னர் பறக்கும்சில்லைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பார்க்க வேண்டும். அது இளகிய பின்னர், மின்பொறி வருகிறதா என்று பார்ப்பது இரண்டாவது படி. பெரும்பாலும் காந்தம் பழுதடைந்திராது. 'பொயின்ற்' எனப்படும் தொடுமுனைகளில் படிந்த அழுக்கே தடையாக இருக்கும். அதனை மென்மையாகத் தேய்த்துத் துடைத்து, இடைவெளியை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஏறத்தாழ 15 முதல் 20 பங்குக்குள், அந்தந்த இயந்திரத்துக்குரிய அளவில் வைத்தால், அரை நூற்றாண்டு உறங்கிய இயந்திரமும் பொறி தரும். மூன்றாவது, காபரேட்டர். பழைய பெற்றோல் உள்ளே காய்ந்து பிசின்போல் இறுகி நுண்துளைகளை அடைத்திருக்கும். அவற்றைக் கழுவி ஊதித் திறக்க வேண்டும். கம்பியால் குத்தினால் துளை பெருத்து அளவு கெட்டுவிடும். எரிபொருள், மின்பொறி, அமுக்கம் ஆகிய மூன்றும் சரியாக இருந்தால் இயந்திரம் இயங்கியே தீரும். இந்த மூன்றையும் எந்தப் பள்ளிக்கூடமும் செல்லாத நம்மூர் மெக்கானிக்குகள் விரல் நுனியில் வைத்திருந்தார்கள்.

மேல்நாட்டில் இவற்றைச் சேகரித்துப் புதுப்பிப்போர் இன்று எதிர்கொள்ளும் ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். இக்காலப் பெற்றோலில் கலக்கப்படும் எத்தனோல், பழைய றப்பர்க் குழாய்களையும் தக்கை மிதவைகளையும் கெடுக்கிறது. ஆகவே குழாய்களை மாற்றுவதும், ஓட்டாத காலத்தில் தாங்கியை வெறுமையாக்குவதும் அவசியம். புதுப்பித்தல் என்றால் புதுச் சாயம் பூசுவது என்று எண்ணுவோர் உளர். அது கடைசி வேலை. சிலர் அதனையும் செய்வதில்லை; உழைப்பின் தழும்பு அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிடுகின்றனர்.

தடைக்காலத்துப் பாடம்

இந்த எளிமையின் பெறுமதியை நம்மவர் உணர்ந்தது ஒரு கண்காட்சியில் அன்று. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதன் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாடு பொருளாதாரத் தடைக்குள் வீழ்ந்தது. மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை, மின்கலங்களும் உதிரிப்பாகங்களும் தடைசெய்யப்பட்டன. அந்நாட்களில் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் நீரிறைக்கும் இயந்திரங்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காட்டி இயக்கத்தைத் தொடங்கி, சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வித்தையைச் சிறுவர்களும் அறிந்திருந்தனர்.

உலகம் இதனை யாழ்ப்பாணத்தவரின் விநோதக் கண்டுபிடிப்பாக வியந்தது. உண்மையில் இதற்கு ஒரு பூர்வீகம் உண்டு. பிரித்தானிய உழவு இயந்திரங்கள் பல, தொழிற்சாலையிலிருந்து வெளிவரும்போதே இவ்வாறு ஓடுவதற்கென அமைக்கப்பட்டவை. பெற்றோலில் தொடங்கி, சூடேறியதும் மண்ணெண்ணெயை ஒத்த மலிவான எரிபொருளுக்கு மாற்றுவது அங்கு வழமையாக இருந்தது. அமுக்கம் குறைந்த பழைய இயந்திரங்கள் அதனைத் தாங்கின. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை ஐதாக்கிவிடும். எனவே எண்ணெயை அடிக்கடி மாற்ற வேண்டும் என்பதையும் அன்றைய விவசாயிகள் அறிந்திருந்தனர். தடைக்காலத்தில் நம்மவர் செய்தது, இயந்திரத்துள் முன்னரே உறங்கிய ஆற்றலைத் தேவையின் அழுத்தத்தில் மீட்டெடுத்தது. திறந்து பார்க்க முடிந்தமையால்தான் அது இயன்றது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் பெயர்ந்தபோது, நெரிசலில் ஊர்ந்த ஊர்திகளுக்குள் லாண்ட்மாஸ்டர்களும் இருந்தன. உழுவதற்கென வந்த இயந்திரம் முதியோரையும் பாத்திர பண்டங்களையும் சுமந்து சென்றது.

பூட்டிய இயந்திரங்கள்

இன்றைய பெரிய உழவு இயந்திரங்களின் நிலை வேறு. அவற்றை ஆள்வது கணினி மென்பொருள். பழுது எதுவென அறிவதற்கே தயாரிப்பாளரின் மென்பொருள் வேண்டும் என்ற நிலையில், அமெரிக்க விவசாயிகள் 'பழுதுபார்க்கும் உரிமை' கோரிப் போராடத் தொடங்கினர். கொலராடோ மாநிலம் 2023இல் அதற்கெனச் சட்டம் இயற்றியது. அது 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு, பழுதுபார்த்தலைக் கட்டுப்படுத்துவதாகக் குற்றஞ்சாட்டி ஜோன் டியர் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. வாங்கிய பொருளைத் திறக்க அனுமதி கேட்க வேண்டியிருந்தால், அது வாங்கிய பொருள்தானா? பழைய தோட்ட டிராக்டரைக் கொட்டிலில் பிரித்துப் பூட்டும் முதியவர், தாம் அறியாமலே இக்கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வடிவமைத்தவரின் மறுசிந்தனை

ஆயினும் ஓர் இயந்திரத்தைப் பாதுகாப்பது என்பது அதனைக் கண்மூடிப் போற்றுவது ஆகாது. இதனை நமக்குக் கற்பித்தவரும் விஜேவர்தனவே. அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் தமது இயந்திரத்தைப் பற்றி உரையாற்றியபோது, சிந்தனையாளர் பக்மின்ஸ்டர் புல்லர் அவரிடம் ஒரு வினா எழுப்பினார். நீர் இயந்திரமயமாக்கியது விவசாயத்தையா, எருமையையா என்பதே அதன் சாரம். அந்த வினா தம்மை மாற்றியதாக விஜேவர்தன பின்னாளில் நினைவுகூர்ந்தார். எருமை வைக்கோலைத் தின்று எருவும் பாலும் கன்றும் தரும். இயந்திரமோ இறக்குமதி எண்ணெயைக் குடிக்கும். வெப்பமண்டல மண்ணை அதிகம் கிளறினால் மழை அதனை அள்ளிச் செல்லும் என்றும் அவர் எச்சரித்தார். நம் வேலிகளில் நிற்கும் சீமைக்கிளுவையின் பயனை நாடெங்கும் எடுத்துரைத்த அவர் 2010இல் காலமானார். தமது வெற்றியையே கேள்விக்குட்படுத்தும் நேர்மை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

ஆகவே ஊரில் உங்கள் பெற்றோரின் கொட்டிலில் ஒரு பழைய லாண்ட்மாஸ்டர் கிடந்தால், அடுத்த விடுமுறையில் அதன் அருகே சற்று அமருங்கள். பெயர்த்தகட்டைத் துடைத்து இலக்கத்தை எழுதிக்கொள்ளுங்கள். அதனை ஓட்டியவர் உயிரோடிருந்தால், எந்த ஆண்டு வாங்கினார், என்ன விலை கொடுத்தார், எங்கெல்லாம் கொண்டுசென்றார் என்று கேட்டுப் பதிவுசெய்யுங்கள். பிறகு பிளக்கைக் கழற்றிச் சிறிது எண்ணெய் விடுங்கள். இரும்பு காத்திருக்கும். அதனை ஓட்டிய மனிதரின் நினைவு அவ்வளவு காலம் காத்திராது.