சாதனங்களின் நினைவக அணுகலைத் தனிமைப்படுத்தல்: ஒரு வரலாறு

வன்தட்டு, வலையமைப்பு அட்டை, வரைகலை அட்டை போன்ற சாதனங்கள் மையச் செயலியின் துணையின்றித் தாமே கணினியின் நினைவகத்தைப் படிப்பதும் அதில் எழுதுவதும் நேரடி நினைவக அணுகல் எனப்படும். சுருக்கமாக டி.எம்.ஏ. என்பர். ஒரு நிரல் மற்றொரு நிரலின் நினைவகத்தைத் தொடாதபடி இயங்குதளத்தின் கருனி காவல் காக்கிறது. அந்தக் காவல் செயலி வழியாக வரும் கோரிக்கைகளுக்கு மட்டுமே பொருந்தும். சாதனம் நேராக நினைவகத்துக்குப் போனால், முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறக் கதவைத் திறந்து வைத்த கதைதான். அந்தக் கதவுக்குப் பூட்டுப் போடப்பட்ட வரலாறு வியப்பான அளவுக்கு நீண்டது.

இந்தச் சிக்கலைப் பெருங்கணினி வடிவமைப்பாளர்கள் தொடக்கத்திலேயே அறிந்திருந்தனர். 1964இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். சிஸ்டம்/360 கணினியில், நினைவகத்தை 2,048 பைட்டுத் தொகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 4 பிட் பாதுகாப்புச் சாவி ஒன்றை வழங்கும் வசதி இருந்தது. உள்ளீடு, வெளியீட்டுப் பணிகளைச் செய்த ‘சேனல்’ எனும் துணைக்கருவிகளும் தமக்குரிய சாவியுடன்தான் நினைவகத்தில் எழுத வேண்டும். சாவி பொருந்தாவிட்டால் எழுத இயலாது. கொல்லைப்புறத்துக்கும் பூட்டு உண்டு என்பதே இதன் பொருள்.

தனியாள் கணினி வந்தபோது இந்தப் பாடம் கைவிடப்பட்டது. 1981இன் ஐ.பி.எம். பி.சி.யில் இன்டெல் 8237 என்ற சில்லு டி.எம்.ஏ. வேலையைப் பார்த்தது. அதில் பாதுகாப்புச் சோதனை எதுவும் இல்லை. அன்று அதைக் குறை சொல்வதும் முறையன்று, ஏனெனில் அந்தக் கணினியின் செயலிக்கே நினைவகப் பாதுகாப்பு இல்லை. 1985இல் வந்த 80386 செயலி பக்க முறை நினைவகப் பாதுகாப்பைக் கொண்டுவந்தது. ஆனால் சாதனங்களின் பக்கம் பழையபடியே இருந்தது. 1992இல் பி.சி.ஐ. பாட்டை வந்தபின், அட்டைகள் தாமே பாட்டையைக் கைக்கொண்டு நினைவகத்தை அணுகுவது வழக்கமாயிற்று. பெட்டியைத் திறந்து திருகாணி முடுக்கிப் பொருத்தப்படும் அட்டை உரிமையாளருக்கு நம்பிக்கையானது என்ற எண்ணமே இதற்கு அடிப்படை.

சாதனத்துக்கும் நினைவகத்துக்கும் இடையே நின்று முகவரிகளை மாற்றித் தரும் வன்பொருளை ஐ.ஓ.எம்.எம்.யூ. என்பர். இதன் தொடக்ககால வரலாற்றில் பாதுகாப்பைவிட வசதியே பெரிதும் பேசப்பட்டது. சன் நிறுவனத்தின் ஸ்பார்க் பணிநிலையங்களில் இது, நினைவகத்தில் சிதறிக் கிடக்கும் பக்கங்களைச் சாதனத்துக்குத் தொடர்ச்சியான ஒரே பரப்பாகக் காட்டியது. பின்னர் ஏ.எம்.டி.யின் 64 பிட் செயலிகளில், வரைகலை அட்டைக்கென இருந்த முகவரி மாற்றும் பகுதியை லினக்ஸ் இதே போலப் பயன்படுத்திக்கொண்டது. 4 ஜிகாபைட்டுக்கு மேல் எட்டாத 32 பிட் சாதனங்களுக்கு அது கைகொடுத்தது. அவ்வசதி இல்லாத இன்டெல் கணினிகளில், தாழ்ந்த முகவரியில் ஓர் இடைத்தாங்கியை வைத்துத் தரவை நகலெடுக்க வேண்டியிருந்தது.

பெட்டிக்குள் இருப்பதெல்லாம் நம்பத்தக்கது என்ற எண்ணத்தை உடைத்தது ஃபயர்வயர். வெளியே செருகும் கம்பி அது, ஆனால் டி.எம்.ஏ. அதிகாரமும் அதற்கு இருந்தது. 2004இல் டோக்கியோவில் நடந்த பேக்செக் மாநாட்டில் மாக்சிமிலியன் டோர்ன்சைஃப், ஃபயர்வயர் வழியே இணைத்த ஓர் ஐபாடைக் கொண்டு மற்றொரு கணினியின் நினைவகத்தை அணுக முடியும் என்று காட்டினார். இதே வழியில் விண்டோஸ் எக்ஸ்.பி.யின் பூட்டுத் திரையைக் கடக்கும் கருவியை ஆடம் பொய்லோ உருவாக்கி 2008இல் வெளியிட்டார்.

இன்டெல்லும் ஏ.எம்.டி.யும் முழுமையான ஐ.ஓ.எம்.எம்.யூ.க்களைக் கொண்டுவந்ததற்கு முதன்மைக் காரணம் இந்தத் தாக்குதல்கள் அல்ல. ஒரே கணினியில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் வணிகம் அப்போது வளர்ந்துகொண்டிருந்தது. ஒரு மெய்நிகர் கணினியிடம் வலையமைப்பு அட்டையை நேரடியாக ஒப்படைத்தால், அது பக்கத்து மெய்நிகர் கணினியின் நினைவகத்தைக் கெடுக்கக் கூடாது. இன்டெல்லின் இந்த வன்பொருளுக்கான ஆதரவு 2008 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 2.6.24இல் சேர்ந்தது. சாதனத்தைப் பயனர்நிலை நிரலிடம் பாதுகாப்பாக ஒப்படைக்கும் வி.எஃப்.ஐ.ஓ. 2012இல் லினக்ஸ் 3.6இல் வந்தது.

பூட்டு கிடைத்தும் பலர் அதைப் போடவில்லை. காரணம் வேகம். ஒரு தரவுப் பொதி வந்து சேர்ந்ததும், சாதனத்துக்குக் கொடுத்த அனுமதியைக் கருனி திரும்பப் பெற வேண்டும். பக்க அட்டவணையிலிருந்து பதிவை நீக்குவது எளிது. வன்பொருள் தன் தற்காலிகச் சேமிப்பில் வைத்திருக்கும் நகலையும் அழிக்கச் சொல்லிக் காத்திருப்பதே சுமை. நொடிக்குப் பல இலட்சம் பொதிகள் வரும்போது அது தாங்காது. எனவே லினக்ஸின் இன்டெல் இயக்கி, நீக்க வேண்டியவற்றைச் சேர்த்து வைத்து, 250 பதிவுகள் சேர்ந்த பின்னரோ 10 மில்லிநொடி கழித்தோ ஒட்டுமொத்தமாக அழித்தது. அந்த இடைவெளியில், திரும்பப் பெற்றதாகக் கருனி நினைத்த நினைவகத்தைச் சாதனத்தால் இன்னும் அணுக முடியும். சந்தையில் இயங்குதளங்கள் வேகத்தால் ஒப்பிடப்படும் வரை இத்தகைய சமரசம் தவிர்க்க முடியாதது என்றே தோன்றுகிறது.

பூட்டிய கதவும் போதாது என்பதை 2019இல் கேம்பிரிட்ஜ், ரைஸ் பல்கலைக்கழகங்களும் எஸ்.ஆர்.ஐ. இன்டர்நேஷனலும் இணைந்து வெளியிட்ட ‘தண்டர்கிளாப்’ ஆய்வு காட்டியது. ஆய்வாளர்கள் மறுநிரலாக்கத்தக்க சில்லு ஒன்றை, சாதாரண இன்டெல் வலையமைப்பு அட்டையைப் போல நடிக்கவைத்தனர். மேக் இயங்குதளம் 2012 முதலே ஐ.ஓ.எம்.எம்.யூ.வை இயல்பாக இயக்கி வந்தது. லினக்ஸ் வழங்கல்கள் பலவற்றில் அது இயல்பாக இயங்கவில்லை. விண்டோஸ் 7, 8 பதிப்புகள் அதைப் பயன்படுத்தவே இல்லை. ஆனால் மேக்கும் தப்பவில்லை. ஐ.ஓ.எம்.எம்.யூ. அனுமதி வழங்கும் மிகச் சிறிய அலகு ஒரு பக்கம், பொதுவாக 4,096 பைட்டு. பொதியின் தரவு இருந்த அதே பகுதியில், அதை விடுவிக்கும்போது கருனி அழைக்க வேண்டிய செயற்கூறின் முகவரியும் இருந்தது. போலி அட்டை அந்த முகவரியை மாற்றிக் கருனியைத் தன் வசமாக்கியது. அந்தக் குறிப்பிட்ட வழியை ஆப்பிள் அடைத்தது.

மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் 10இன் 1803 பதிப்பில் கருனி டி.எம்.ஏ. பாதுகாப்பைச் சேர்த்திருந்தது. வெளித்துறைகளில் செருகப்படும் சாதனங்களை நம்பத்தகாதவை எனக் குறித்து, அவற்றுக்கு மட்டும் கடுமையான தனிமைப்படுத்தலை விதிக்கும் மாற்றங்கள் லினக்ஸ் 5.0இல் வந்தன. விண்டோஸின் பாதுகாப்புக்குக் கணினியின் நிலைபொருளும் ஒத்துழைக்க வேண்டியிருந்ததால், முன்பே விற்கப்பட்ட பெரும்பாலான மடிக்கணினிகளுக்கு அது கிடைக்கவில்லை. 2020இல் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பியோர்ன் ராய்டன்பெர்க் வெளியிட்ட ‘தண்டர்ஸ்பை’ ஆய்வு, அத்தகைய கணினிகளின் தண்டர்போல்ட் துறை வழியே நினைவகத்தை அடைய முடியும் என்று மீண்டும் காட்டியது. மென்பொருள் புதுப்பிப்பால் அவற்றைச் சரிசெய்ய வழியில்லை. அந்தத் துறையை முடக்கி வைப்பதே அவற்றின் உரிமையாளர்களுக்கு எஞ்சிய வழியாயிற்று.