சிம்பயாட்டிக்கா

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலுள்ள வெஸ்டர்ன் ஆஸ்திரேலியா பல்கலைக்கழகத்தில், உடற்கூற்றியல் மற்றும் மனித உயிரியல் துறைக்குள் 2000ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட கலை ஆய்வுக்கூடம் சிம்பயாட்டிக்கா. கலைஞர் ஓரன் காட்ஸ், தசை உயிரணுக்களை ஆராய்ந்த மிராண்டா கிரவுண்ட்ஸ், நரம்பியலாளர் ஸ்டூவர்ட் பண்ட் ஆகிய மூவரும் இதை நிறுவினர்.

அறிவியல் துறைகளில் ஓவியர்கள் இருப்பது புதிதன்று. உடற்கூற்று நூல்களுக்கான படங்களை அவர்களே பல நூற்றாண்டுகளாக வரைந்து வந்தார்கள். ஆனால் அங்கே ஆய்வு அறிஞருடையது, படம் மட்டுமே ஓவியருடையது. சிம்பயாட்டிக்காவில் அந்தப் பிரிவினை இருக்கவில்லை. இங்கு வந்த கலைஞர்கள் ஆய்வுக்கூடப் பயிற்சி பெற்று, தம் கையாலேயே உயிரணுக்களை வளர்த்தார்கள். பாதுகாப்பு விதிகளும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் அறிவியலாளர்களுக்குப் போலவே அவர்களுக்கும் பொருந்தின. உயிரியல் கலையில் முதுகலைப் பட்டப் படிப்பும் பின்னர் ஏற்பட்டது.

இதற்கு வித்திட்டது காட்ஸும் இயோனாட் சுரும் 1996இல் தொடங்கிய திசு வளர்ப்புக் கலைத் திட்டம். உடலிலிருந்து எடுத்த உயிரணுக்கள் வெளியில் வாழ வேண்டுமானால் உடலின் சூழலைச் செயற்கையாக உண்டாக்க வேண்டும்: 37 பாகை செல்சியஸ் வெப்பம், கிருமி அண்டாத கலன், ஊட்ட நீர்மம். நாளடைவில் கரைந்துவிடும் பாலிமரால் வேண்டிய உருவத்தில் ஒரு சாரம் செய்து, அதன்மேல் உயிரணுக்களை விதைத்தால் அவை பெருகிப் படர்ந்து அந்த உருவத்தை ஏற்கும். முழு உயிரியும் அல்லாத, வெறும் பொருளும் அல்லாத இவற்றை இருவரும் ‘அரை உயிரிகள்’ என்றார்கள். சாரத்தை வடிப்பது சிற்பியின் வேலை; அதை வாழவைப்பது உயிரியலாளரின் வேலை. இரண்டும் ஒரே கையில் சேர்ந்ததுதான் இந்த ஆய்வுக்கூடத்தின் தனிச்சிறப்பு.

குவாத்தமாலா நாட்டின் கவலைப் பொம்மைகளைத் திசுவில் வளர்த்து 2000இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் காட்டினார்கள். பன்றியின் மூல உயிரணுக்களால் பறவை, வவ்வால், டெரோசார் ஆகிய மூன்றின் சிறகு வடிவங்களும் உருவாயின. 2003இல் கலைஞர் ஸ்டெலார்க்கின் காது கால் பங்கு அளவில் வளர்க்கப்பட்டது. மற்றொரு படைப்பில், அமெரிக்காவின் அட்லாண்டாவில் ஒரு தட்டில் வளர்ந்த எலி நரம்பணுக்களின் மின்துடிப்புகள், இணையம் வழியாகத் தொலைவிலிருந்த இயந்திரக் கையை இயக்கிப் படம் வரைந்தன.

மிகுந்த விவாதத்தை எழுப்பியது பிரான்சின் நாந்த் நகரில் 2003இல் நடந்த விருந்து. தவளைத் தசை உயிரணுக்களிலிருந்து வளர்ந்த இறைச்சித் துண்டுகள் அங்கே சமைத்து உண்ணப்பட்டன. ஆய்வுக்கூட மாட்டிறைச்சியாலான பர்கரை டச்சு அறிஞர் மார்க் போஸ்ட் லண்டனில் அறிமுகப்படுத்தியது இதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து, 2013இல்தான். விலங்கைக் கொல்லாத இறைச்சி என்ற நம்பிக்கையைக் கலைஞர்கள் அப்படியே ஏற்கவில்லை. ஊட்ட நீர்மத்தில் சேரும் சீரம், பசுவின் வயிற்றிலுள்ள கன்றின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படுவது. துன்பம் மறையவில்லை, கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போயிருக்கிறது என்பதை அவர்களே வெளிப்படையாகச் சுட்டிக்காட்டினார்கள். தம் படைப்பின் குறையைத் தாமே முன்வைத்த இந்த நேர்மை, அந்தப் படைப்புகளைவிடவும் பெரிய பங்களிப்பு.

2007இல் லின்ஸின் ஆர்ஸ் எலெக்ட்ரானிகா விழாவில் சிம்பயாட்டிக்கா தங்க நிக்கா விருது பெற்றது.

கண்காட்சி முடிந்ததும் அரை உயிரிகளைப் பார்வையாளர்கள் தொட அனுமதிக்கப்படுவது வழக்கம். கையிலும் காற்றிலும் உள்ள நுண்ணுயிரிகள் தொற்ற, அவை இறந்துவிடும். 2008இல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்ட, இவர்கள் திசுவில் வளர்த்த சின்னஞ்சிறு தோல் மேலாடைக்கு அந்த முடிவு வாய்க்கவில்லை. எதிர்பார்த்ததைவிட வேகமாக வளர்ந்து கலனை அடைத்துக்கொண்டதால், காட்சிப் பொறுப்பாளர் பாவ்லா அன்டோனெல்லி ஊட்டத்தை நிறுத்தி, அதன் உயிரை முடிக்க வேண்டியதாயிற்று.